இடிக்குப் பயந்து பிடுங்கிய ப்ளக்

பதுளை பஜாரில் கம்ப்யூட்டர் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் பழைய கம்ப்யூட்டரைச் சாக்கில் சுற்றி எடுத்து வந்தார். ஹார்ட் டிஸ்க் சாகும் தறுவாயில் இருந்தது.

“எங்க வீட்டுக்காரர் பேசுனதெல்லாம் இதுல மட்டுந்தாங்க இருக்கு. அவரு தவறுனப்ப புள்ள கைக்குழந்த,” என்றார்.

புது டிஸ்க்கில் அப்படியே நகலெடுக்கத் தொடங்கினேன். பாதி ஓடியிருக்கும், நமுனுகுலை மலைப் பக்கம் இடி உறுமியது. தோட்டத்து லய வீடுகளில் இடி கேட்டால் முதலில் ப்ளக்கைத்தான் பிடுங்குவார்கள்; அந்தப் பழக்கத்தில் அவர் பாய்ந்துபோய் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டார். திரை இருண்டது.

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் கடையே வெளுக்கும்படி மின்னல் வெட்டியது. பக்கத்துக் கடை டிவி புகைந்தது.

மழை விட்டதும் கம்ப்யூட்டரைப் போட்டேன். தொடங்குவதற்கு டிஸ்க் எதுவுமே இல்லை என்றது கறுப்புத் திரை. பழையதும் செத்துவிட்டதா?

“நான் புடுங்குனதாலயாங்க?” என்றார்.

பிறகுதான் உறைத்தது. பாதி நகலான புது டிஸ்க்கைத்தான் கம்ப்யூட்டர் முதலில் தேடுகிறது. அதைக் கழற்றிவிட்டு, பழையதை மட்டும் வைத்துப் போட்டேன். விண்டோஸ் வந்தது.

ஸ்பீக்கரில் ஓர் ஆண் குரல், “பாப்பா, அப்பாவப் பாரு,” என்றது. அந்தப் பெண் அதை நிறுத்த விடவில்லை.

மறுநாள் வெயிலில் நகலெடுத்து முடித்தேன்.

அன்று அந்த இடியை நானும்தான் கேட்டேன். இன்னும் கொஞ்சந்தானே என்று அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் பிடுங்காதிருந்தால் அந்தக் குரலை எரித்தவன் நானாக இருந்திருப்பேன் என்ற பயம், ஒவ்வோர் இடிக்கும் திரும்பி வருகிறது.