போட் வந்துருச்சு, செல்லையா அண்ணே

எங்கள் எட்டாவது மாடி செல்லையா அண்ணன் போய்விட்டார். காலையில், தூக்கத்திலேயே...

ஈப்போவில் எங்கள் ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு அவரைத் தெரியும். பாகான் டத்தோ பக்கம் தென்னந்தோட்டத்தில் பிறந்தவர். கடலுக்கு நடுவே ஒரு பாறையில் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொண்டே வாழ்நாளில் பாதியைக் கழித்தவர். ரிட்டயர் ஆனதும் என் பக்கத்து வீட்டுக்கு வாடகைக்கு வந்தார்.

முழங்கால் போய்விட்டது. எங்கள் லிஃப்ட் லட்சணம்தான் ஊருக்கே தெரியுமே... அது நின்றால் அண்ணன் மேலேயே கிடக்க வேண்டியதுதான்.

சாப்பாடு தப்பாவ் பண்ணி, பொட்டலமாகக் கொண்டுபோய்க் கொடுப்பேன். "போட் வந்துருச்சா மா?" என்பார். லிஃப்டைத்தான் கேட்கிறார். பாறையில் சாமான் கொண்டுவரும் போட்டுக்கு இப்படித்தான் காத்துக் கிடப்பாராம்.

"அங்கயும் மாட்டிக்கிட்டேன், இங்கயும் மாட்டிக்கிட்டேன். என் தலையெழுத்து லா."

அவர் மனைவி வள்ளி அக்கா இறந்த சேதி வயர்லெஸ்ஸில் வந்த வாரம் கடல் சரியில்லை. போட் வரவில்லை. வாய்க்கரிசி போடக்கூட அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

விளக்குக் கோபுரத்துக்கு அடிக்க வைத்திருந்த பெயிண்டை எடுத்து உள்சுவரில் அக்காவை வரைந்தாராம். தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி.

ஆனால் ஆபீசர்கள் பார்வையிட வருவதற்கு முன்னால் சுவர் முழுக்க வெள்ளையாக இருக்க வேண்டும். அங்கே அதுதான் சட்டம்.

"யாரு வெள்ளை அடிச்சா அண்ணே?"

"நான்தான். வேற யாரு இருக்கா அங்க?"

மறுபடியும் வரைவார். போட் வரும் முன் அவரே அழிப்பார்... இப்படியே வருஷங்கள்.

இங்கே வந்து, கட்டிலை ஒட்டிய சுவரில் திரும்ப வரைந்தார். அதே வாசல், அதே அக்கா. இதுவாவது அழியக் கூடாது என்று எனக்குப் பிடிவாதம். வீட்டு ஓனரிடம் நானே பேசினேன்.

"அந்தச் சுவர யாரும் தொடமாட்டாங்க. அண்ணன்கிட்ட சொல்லிருங்க," என்றார். நல்ல மனுஷன்.

வந்து சொன்னேன். அண்ணன் நம்பின மாதிரி தெரியவில்லை. "ம்... பாப்போம்."

போன வாரம் வெள்ளை பெயிண்ட் கேட்டார். "மேகத்துக்கா அண்ணே?" என்றேன். சிரித்தார்.

"பெரிய டின்னா வாங்கிட்டு வா மா."

வாங்கிக் கொடுத்தேன். அப்புறம் உடம்புக்கு முடியவில்லை என்று கதவைப் பாதி திறந்துதான் சாப்பாட்டை வாங்கிக்கொண்டார்.

இன்று காலை தட்டிப் பார்த்துவிட்டு, என்னிடம் இருந்த சாவியால் திறந்தேன். கட்டிலில் அண்ணன். சுவரில் அக்கா இல்லை. மூலை முடுக்கு விடாமல் வெள்ளை.

அவரைக் கொண்டுபோன பிறகு கட்டிலை நகர்த்திப் பார்த்தேன். அங்கேயும் விட்டுவைக்கவில்லை.

யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று அடித்தீர்கள் அண்ணே... எனக்குக் கோபம்தான் வருகிறது.

இன்று லிஃப்ட் ஓடியது. அதில்தான் உங்களை இறக்கினோம்.

போட் வந்துருச்சு அண்ணே. பாத்துப் போங்க.