குதிரைக்குக் கொள்ளு யார் வைத்தது?

புத்தகம் பரிந்துரைப்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. பத்து நிமிஷம் பேச்சுக் கொடுத்தால் போதும், அந்த ஆளுக்குப் பிடிக்கிற நாவல் எது என்று சொல்லிவிடுவேன். ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரிக்குப் பேய்க்கதை பிடிக்கும் என்று அவளுக்கே தெரியாது, நான்தான் கண்டுபிடித்துச் சொன்னேன். திண்டிவனத்தில் என்னோடு ரயில் ஏறும் பேங்க்காரர் என் புண்ணியத்தில் துப்பறியும் கதைக்கு அடிமையாகி, ஒருமுறை விழுப்புரத்தில் இறங்க மறந்தேபோனார். இப்படி ராஜபாட்டையில் போய்க்கொண்டிருந்த என்னை மண்ணைக் கவ்வ வைத்தவர் என் அக்காவின் கணவர்.

மாமா இருபத்திரண்டு வருஷம் ராணுவத்தில் இருந்தவர். உடனே துப்பாக்கியோடு எல்லையில் நின்றவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் இருந்தது கோவேறு கழுதைப் பிரிவு. ஜீப் ஏறாத மலைகளுக்குக் கழுதை முதுகில் மாவும் மண்ணெண்ணெயும் ஏற்றிக்கொண்டு போனவர். ஓய்வு பெற்று வந்து, அனந்தபுரம் பக்கத்தில் சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டுக்கொண்டிருந்தார். போன வருஷம் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் விழுப்புரத்தில் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். என் ஆபீசிலிருந்து நடந்து போகிற தூரம்தான். மதியம் நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் அக்கா கீழே போய் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வருவாள்.

மூன்றாம் மாதம் அவள் என்னை மாடிப்படியிலேயே நிறுத்தி அழுதாள்.

"இனிமே வரமாட்டாராம்டி. ஃபேனையே பாத்துக்கினு நாலு மணி நேரம் கெடக்குறதுக்கு வூட்லயே இருந்துட்றேன்றாரு. ஒரே பேஜாரா இருக்குதாம். நீ எதனா பண்ணேன்."

நிறுத்தினால் என்ன ஆகும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். மாதக் கணக்குகூடக் கிடையாது, நாள் கணக்குதான். எனக்குத் தெரிந்ததோ ஒரே ஒரு வைத்தியம். போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன மாதிரி கதை பிடிக்கும் என்று கேட்டேன்.

"ராஜா கதைலாம் பட்டாளத்துலயே படிச்சி முடிச்சிட்டேம்மா. சண்டை இருக்கணும். மாயம், மந்திரம் இருந்தா ஜோரா இருக்கும். ஆனா பொய் இருக்கக் கூடாது."

மந்திரம் வேண்டும், பொய் கூடாது. இதை வைத்துக்கொண்டு நான் கடை கடையாக ஏறி இறங்கினேன். படைகளும் மாயமும் கலந்த நாவல் என்று தமிழில் தேடினால் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும். மொழிபெயர்ப்புகளைச் சேர்த்துக்கொண்டால் இன்னொரு கை. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு அருகே இருக்கிற பழைய புத்தகக் கடையில் முதலாவது கிடைத்தது. அட்டையில் டிராகன் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை கொடுத்தேன், செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தது.

"லட்சம் பேரு ஏழு நாள் நடக்குறான். ஒரு பக்கத்துலயாவது எவனாவது சோறு தின்னானா? குதிரைக்குக் கொள்ளு யாரு வச்சது? அந்த டிராகன் இருக்குதே, அதுக்கு ஒரு நாளைக்கு எத்தனை ஆடு வேணும்? கேட்டா மந்திரம்னுவான்."

இரண்டாவது நாவலில் இளவரசன் தனி ஆளாக நானூறு பேரை வெட்டினான். மாமா நாற்பதாவது ஆளோடு புத்தகத்தை மூடிவிட்டார். மூன்றாவதில் பாலைவனத்தில் படை போகிறது, தண்ணீர் பற்றிப் பேச்சே இல்லை. "ஒரு கழுதை இன்னா தண்ணி குடிக்கும்னு இவனுக்குத் தெரியுமா?" என்று என்மேல் பாய்ந்தார், நானே எழுதியது போல. அவருக்கு அப்போது ஒரு நாள் தண்ணீரே ஒரு சின்ன பாட்டில்தான், அளந்துதான் குடிக்க வேண்டும். அதைச் சொல்லாமல் கழுதைக்காகச் சண்டை போட்டார். எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாசமும் பொங்கியது.

கடைசியில் இணையத்தில் ஒரு புது ஆள் எழுதிப் புத்தகமாகப் போட்டிருந்த நாவல் கண்ணில் பட்டது. முதல் அத்தியாயத்திலேயே பனிமலையில் படை நிற்கிறது. மந்திரவாதி ஒரு தடவை மந்திரம் போட்டால் மூன்று ஆள் சோற்றைத் தின்ன வேண்டும், இல்லாவிட்டால் மயங்கி விழுந்துவிடுவான். அந்தச் சோற்றைக் கொண்டுவருகிற கோவேறு கழுதைப் படைக்கு ஒரு தலைவி, ஐம்பது வயசுக்காரி, வாயைத் திறந்தால் வசவு. படித்ததும் ரயிலில் எழுந்து நின்று கைதட்டாத குறை.

ஒரே சிக்கல், அது அறுநூறு பக்கம். மாமாவுக்கு ஒரு கையில் ஊசி, அசைக்கக் கூடாது. மறுகையால் மட்டும் அந்தத் தடியனைத் தூக்கிப் படிக்க முடியாது. முந்தைய புத்தகம் ஒன்று நழுவி அவர் வயிற்றிலேயே விழுந்து நர்ஸ் ஓடி வந்திருந்தார். அதனால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு புத்தகத்தின் முதுகைப் பிளந்து ஆறு கட்டாகப் பிரித்தேன். ஒவ்வொன்றுக்கும் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டேன். ஒரு தடவைக்கு ஒரு கட்டு, கொடுப்பது ஆஸ்பத்திரியில் மட்டும். படித்து முடிக்காவிட்டால் வீட்டுக்கு எடுத்துப் போகலாம், ஆனால் அடுத்த கட்டு வேண்டுமென்றால் விழுப்புரம் வந்தாக வேண்டும்.

"புக்கைப் போயி கிழிச்சிக்கினு வந்திருக்கியே, நீயெல்லாம் படிச்சவளா?" என்றவர், அரை மணியில் என்னை மறந்துவிட்டார். "இவ எங்க சுபேதார் மாதிரியே திட்றாம்மா" என்று ஒருமுறை சிரித்தார். அதற்கடுத்த செவ்வாய் காலையில் அவரே ஜல்தியா கிளம்பு என்று அக்காவை விரட்டினாராம். அக்கா போனில் சொன்னபோது அவள் குரலே மாறியிருந்தது.

நான் எப்போதும் அவரைவிட ஒரு கட்டு முன்னால் படித்துக்கொண்டு போனேன். ஆறாவதை ரயிலில் பிரித்தேன். விக்கிரவாண்டி தாண்டும்போது கழுதைப்படைத் தலைவி செத்துப்போனாள். இதை எப்படி அவர் கையில் கொடுப்பது? இப்போதுதான் மனுஷர் எழுந்து உட்கார்ந்திருக்கிறார். ஐந்தாவது கட்டின் முடிவில் எதிரிக் கோட்டை பணிந்துவிடுகிறது, அவள் நெருப்பருகே உட்கார்ந்து கஞ்சி காய்ச்சுகிறாள். போதுமே, இதைவிட நல்ல முடிவு எந்தக் கதைக்கு வேண்டும்? ஆறாவதைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு, ஐந்தாவதோடு கதை முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை போனதும், தலையணைக்கடியிலிருந்து முதல் கட்டை எடுத்தார். பொருளடக்கத்தைத் திருப்பி என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"முப்பத்தெட்டு அத்தியாயம்னு போட்டிருக்குது. முப்பத்திரெண்டுதான் வந்து சேந்திருக்குது. மீதி ஆறு எங்க?"

பொருளடக்கத்தை உட்கார்ந்து எண்ணுகிற வாசகரை நான் பார்த்ததே இல்லை. இருபத்திரண்டு வருஷம் சரக்கை எண்ணி இறக்கியவரிடம் வேலையைக் காட்டியது என் முட்டாள்தனம். பையைத் திறந்து ஆறாவது கட்டைக் கொடுத்தேன். அவர் படித்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் கழித்துக் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார்.

"செத்துட்டா. ஆனா சரக்கு போயிச் சேந்துட்டுது. ஒரு மூட்டை கொறையல." பிறகு என்னைப் பார்த்தார். "இத எதுக்கும்மா ஒளிச்ச?"

"பயமா இருந்துது மாமா" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"நான் பாக்காத சாவா? அழுவாத. கடைசி பக்கத்துல முதல் பாகம் முற்றும்னு போட்டிருக்குதே, ரெண்டாம் பாகம் எங்க?"

"இன்னும் எழுதிக்கினு இருக்காராம் மாமா. முடிய ரெண்டு வருஷம் ஆவும்னு போட்டிருக்காரு." சொன்ன பிறகுதான் யாரிடம் என்ன சொல்கிறோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மாமா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "ரெண்டு வருசமா? சரி, எழுதட்டும். அவசரப்படாதீங்கன்னு சொல்லு. அவசரத்துல எழுதனா எதனா ஒண்ண வுட்ருவான்" என்றார். "செவ்வாக்கெழமைக்கு வேற எதனா கொண்டா."

சாப்பிட்டுவிட்டு அக்கா படியேறி வந்துகொண்டிருந்தாள். பாதி வழியிலேயே ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டு, "ரெண்டு வருஷம் காத்துக்கினு இருக்கேன்றாருக்கா" என்றேன்.