கடைசிப் பந்தி

கருத்தையா பசுவந்தனைக்காரர். ஒற்றைப் பிள்ளையான இசக்கிச்செல்வியைக் கட்டி, மாமனார் வீட்டோடு மாப்பிள்ளையாக இடைசெவலுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. மாமனார் காட்டில் பருத்தியும் உளுந்தும் அவர் கையால்தான் விளைகின்றன. ஓட்டும் ரேஷன் கார்டும் இங்கேதான். ஆனாலும் ஊர் வாயில் அவர் இன்னும் ‘பசுவந்தனை மாப்பிள்ளை’தான்.

மரியாதைக்கு ஒரு குறைச்சலும் கிடையாது. அதுதான் வம்பே. எந்த வீட்டு விசேஷமானாலும் விருந்தாளிகளோடு முதல் பந்தியில் உட்கார்த்தி, நல்ல கறியாகப் பார்த்துப் போட்டு அனுப்பிவிடுவார்கள். அவர் வயதுக்காரர்களோ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒருவரையொருவர் வைதபடி பரிமாறுவார்கள். எல்லாம் முடிந்து கடைசிப் பந்தியில் அவர்கள் சேர்ந்து உட்கார்ந்து சிரிக்கிற சத்தம் தெருவரைக்கும் கேட்கும். கருத்தையா அப்போது தன் வீட்டில் தனியாக வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார். வாளி தூக்கவிடாத மரியாதை யாருக்கு வேண்டும்?

இந்த ஐப்பசியில் சீனியின் பேரனுக்குக் காதுகுத்து. சீனி, இசக்கிச்செல்வியின் பெரியப்பா மகன், கருத்தையாவுக்கு மச்சான். குலசாமி கோயில் முன்னால் கரிசல் பொட்டலில் பந்தல் போட்டுக் கிடா விருந்து. இன்றைக்கு விடுவதில்லை என்று கருத்தையா முந்திப்போய்க் குழம்பு வாளியில் கை வைத்தார்.

சீனி பதறி வந்து பிடுங்கினார். “மாப்பிள்ளை வாளி தூக்குனா ஊரு என்னைய என்ன பேசும்? போய் உக்காருங்க.”

பழையபடி முதல் பந்தி. கருத்தையாவுக்குச் சோறு இறங்கவில்லை. செத்தாலும் தன்னை விருந்தாளியாகத்தான் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

பாதிச் சாப்பாட்டில் மழை கொட்டிவிட்டது. ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். கரிசல் குழைந்து, இறக்கி வைத்திருந்த சோற்று அண்டா ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சீனி ஒற்றை ஆளாகத் தாங்கிக்கொண்டு கத்தினார்.

“ஏலே கருத்தையா! என்னலே பாத்துக்கிட்டு இருக்கே? அந்தப் பக்கம் பிடிலே!”

எச்சில் கையை மழையிலேயே கழுவிக்கொண்டு கருத்தையா ஓடினார். காலில் அப்பிய கரிசல் எட்டு வைக்க வைக்கக் கனத்தது. இருவருமாக மூச்சுவாங்க அண்டாவைக் கோயில் மண்டபத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். ஒரு பருக்கை சிந்தவில்லை.

அப்புறம்தான் சீனிக்கு உறைத்தது. முகம் சுண்டிப்போய்விட்டது. “மாப்பிள்ளை, பதட்டத்துல வாய் தவறிட்டு. தப்பா நெனைக்காதீங்க.”

கருத்தையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “அப்படியே கூப்பிடுங்க மச்சான். இத்தனை வருஷமா அதுக்குத்தான் காத்துக்கெடக்கேன்.”

சீனி குழம்பு வாளியை எடுத்து அவர் கையில் திணித்தார்.

“அப்ப ஏன்லே நிக்கே? அடுத்த பந்திக்குக் கொண்டு போ.”

மண்டபத்திலேயே நடந்த கடைசிப் பந்தியில் கறி தீர்ந்துபோயிருந்தது. ஆறிய சோறும் ரசமும்தான். “மனுசன் பரிமாறுத லட்சணமா இது? பாதிக் குழம்பு எம் வேட்டியில!” என்று எதிர்வரிசையில் இருந்த, கூடப் பரிமாறிய தங்கசாமி வைதார். எல்லோரும் சிரித்தார்கள். கருத்தையா எல்லோருக்கும் மேலே சத்தமாகச் சிரித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிக்கொண்டார்.