மூன்று வரியில் ஒரு ஊர்

எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, நான் எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் தையல்காரன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். நாலு பேர் நடுவே பேசச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் இதை வேறு யாரும் எழுதப்போவதில்லை என்று தெரிந்தபின் சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் ஊர் அந்தமானில், ரங்கத்திலிருந்து உள்ளே தள்ளி, காட்டை வெட்டி உண்டாக்கிய ஊர். ஐம்பதுகளில் கிழக்கு வங்காளத்து அகதிகளைக் கப்பலில் கொண்டுவந்து சர்க்கார் இங்கே இறக்கியது. ராமநாதபுரத்துக்காரர்களான நாங்கள் சில வருஷம் பிந்தி வந்தோம். பிறகு மலையாளிகள், தெலுங்கர்கள், ராஞ்சிக்காரர்கள். வீட்டுக்குள் அவரவர் பாஷை. வாசலைத் தாண்டினால் எல்லோருக்கும் ஹிந்திதான். அதுவும் யாருக்கும் சொந்தமில்லாத, கடைக்கும் ஆபீசுக்கும் மட்டும் போதுமான ஹிந்தி.

எழுபதுகளில் பெரிய ரோடு எங்கள் பக்கம் வரத் தொடங்கியது. அதன் திறப்பு விழாவில் ஊர்ச் சரித்திரம் படிக்கவேண்டும் என்று பஞ்சாயத்துத் தலைவரான பிரதானுக்கு ஆசை. எழுத ஒப்புக்கொண்டிருந்த தலைமையாசிரியர் மாற்றலாகிப் போர்ட் பிளேருக்குப் போய்விட்டார். “டெய்லர் கடைக்கு வராத ஆள் உண்டா? அவரே கேட்டு எழுதட்டும்” என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, எழுந்து மறுக்கக் கூச்சப்பட்டு நான் உட்கார்ந்திருந்தேன். வேலை என்னுடையதாகிவிட்டது.

அளவு எடுக்கும்போதே கேட்க ஆரம்பித்தேன். டேப்பைத் தோளில் வைத்தபடி கேட்டால் முகத்தைப் பார்க்கவேண்டியதில்லை, எனக்கு அது வசதி. வந்தவர்கள் தயங்காமல் சொன்னார்கள். “ஜங்கல் தா. ஹம் லோக் காட்டா. பாரிஷ் பஹுத் தா.” காடாக இருந்தது, வெட்டினோம், மழை அதிகம். அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும். ஒரு மாதம் கேட்டபின்னும் எங்கள் ஊருக்கு மூன்று வரிக்கு மேல் சரித்திரம் கிடைக்கவில்லை. இவர்களுக்கு எல்லாம் மறந்துவிட்டது என்றே முடிவு கட்டினேன்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள் ரவிக்கைத் துணியோடு வந்தார். முதல் கப்பலில் கைக்குழந்தையோடு வந்தவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். என் வயதுதான் இருக்கும். நான் கேட்டதற்கு அவரும் மூன்று வரி சொன்னார். கூட ஒரு வரி சேர்த்தார். “பச்சா மர் கயா. உதர் மிட்டி தியா.” குழந்தை செத்துப்போயிற்று, அங்கே மண் போட்டோம்.

பிறகு துணியை மடித்துக்கொண்டே கேட்டார். “பாய், ரோடு கிதர் சே ஜாயேகா?”

ரோடு எந்த வழியாகப் போகிறது என்று எனக்கும் தெரியாது. போய்ப் பார்த்தேன். ரோடு ஓவர்சியரின் ஆட்கள் நட்டிருந்த குச்சிகள் ஓடையை ஒட்டி வரிசையாகப் போயின. “உதர்” என்றபோது அம்மாள் கையைக் காட்டியதும் அந்தத் திசைதான். முதல் மழைக்காலத்துக் காய்ச்சலில் இறந்த குழந்தைகளை ஓடைப் பக்கம் எங்கேயோ புதைத்ததாகக் கேட்டவர்களெல்லாம் சொன்னார்கள். புல்டோசர் அடுத்த வளைவில் நின்றிருந்தது.

ஓவர்சியர் திருநெல்வேலிப் பையன். மரியாதையான பையன்தான்.

“அண்ணாச்சி, நான் என்ன கல்நெஞ்சக்காரனா? இடத்தக் காட்டுங்க, எஞ்சினியர்ட்ட சொல்லுதேன். ஓடைப் பக்கம், ஓடைப் பக்கம்னா ஓடை எம்புட்டு நீளம் கெடக்கு? ஞாயித்துக்கெழம லீவு. திங்கக்கெழம வண்டி இங்க வந்துரும்.”

ஊர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒருவர் மூங்கில் புதரைக் காட்டினார். ஒருவர் அதற்கு எதிர்க்கரையைக் காட்டினார். நடுவே ஒரு பெருமழையில் ஓடையே தடம் மாறியிருந்தது. அகதிகள் முதலில் தங்கியிருந்த கீற்றுக் கொட்டகை மக்கி மண்ணாகிவிட்டது. அம்மாள் புதரைச் சுற்றிச் சுற்றி நடந்துவிட்டு, “நஹி மாலும்” என்று, இடம் தெரியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு வீட்டுக்குப் போய்விடலாம் போல இருந்தது. ஆனால் இடத்தைக் கண்டுபிடிக்காமல் இந்தச் சரித்திரத்தை நான் எழுதுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

வீட்டில் சொன்னதும் என் மனைவி சிரித்தாள்.

“நீங்க கேக்குற ஹிந்தியில அந்தப் பொம்பளைக்கு அழக்கூட வராது. அதுல என்னத்தச் சொல்லுவா?”

“பின்னே எதுல கேக்குறது?”

“அவ பாசையில கேக்கணும். நடவு நட்டுக்கிட்டே என்னென்ன சொல்லியிருக்கா தெரியுமா! யானை கதை சொல்ல ஆரம்பிச்சா ஒரு வயலு முடிஞ்சிரும்.”

“இத்தனை நாளா ஏன்டி சொல்லல?”

“நீங்க எங்க எங்கிட்டக் கேட்டீங்க? டேப்ப வச்சுக்கிட்டு ஊரு ஆம்பளைகளத்தான அளந்துக்கிட்டு இருந்தீங்க!”

வங்காளிப் பெண்களோடு வயலில் நின்றே அவர்கள் பாஷையைக் கற்றவள் அவள். ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் அம்மாள் வீட்டுக்குப் போனோம். அவர் அரிவாள்மணையில் மீன் நறுக்கிக்கொண்டிருந்தார். என் மனைவி எதிரே குந்தி, பாதி மீனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு பேச்சைத் தொடங்கினாள். நான் வாசற்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

அம்மாள் வங்காளியில் பேச ஆரம்பித்ததும் எனக்கு ஆள் மாறிவிட்டது போல இருந்தது. குரலே வேறு. கோபம், கேலி எல்லாம் வந்தன. யாரையோ போலப் பேசிக் காட்டினார். என் மனைவி அவ்வப்போது தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

“கொட்டகையில சேலையத்தான் தட்டியாக் கட்டியிருந்தாங்களாம். பக்கத்து வீட்டுக்காரன் கொறட்டைக்கு இவ புருசன் சேலை வழியா உதைப்பாராம்... இருங்க. ரேசன் அரிசி எடுக்க படகுத்துறைக்குப் போன மனுசன் அரிசியோட ஒரு பெரிய கடல் சிப்பியையும் தலையில சுமந்துக்கிட்டு வந்தாராம். அண்டா கணக்கா இருந்துச்சாம். பிள்ளையக் குளிப்பாட்டுறதுக்கு.”

மீன் நறுக்கும் சத்தம் நின்றது. அம்மாள் ஏதோ சொன்னார்.

“அதுல ஒரு தரம்கூட குளிப்பாட்டலையாம்.” என் மனைவியின் குரல் இறங்கிவிட்டது. “மண்ணப் போட்டு மூடிட்டு, அந்தச் சிப்பியக் கவுத்து மேல வச்சாங்களாம். பன்னி தோண்டிரக்கூடாதுன்னு.”

“எந்த இடம்னு கேளு.”

“சும்மா இருங்க, சொல்லிக்கிட்டுத்தான இருக்கா. ஃபாரஸ்ட்டுக்காரங்க வெட்டுன தடிய யானை இழுக்குற பாதை ஒண்ணு இருந்துச்சாம். யானை மிதிச்சிரும்னு, பாதையத் தாண்டி மேட்டுக்கு ஏறுற எடத்துல வச்சாங்களாம். மத்த பிள்ளைகளும் அங்கதானாம்.”

ஓடை என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. ஹிந்தியில் இடம் சொல்லத் தெரியாமல் எல்லோரும் ஓடையைச் சொல்லியிருக்கிறார்கள். நானும் அதையே கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறேன்.

யானைப் பாதையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வருஷக்கணக்கில் தடி இழுத்த தரை வாய்க்கால் மாதிரி குழிந்திருந்தது. அதைத் தாண்டினால் ஒரு சின்ன ஏற்றம். ஓடையை விட்டு விலகிய குச்சி வரிசை அதன் மேலேயே ஏறிப் போயிருந்தது. அம்மாளின் கணவர் தாவ் என்கிற வெட்டுக்கத்தியால் புதரை வெட்டிக்கொண்டே போனார். நாங்கள் கைகளால் சருகைத் தள்ளினோம். மத்தியானம் தாண்டி என் மனைவியின் விரலில் ஏதோ கீறி ரத்தம் வந்தது. மண்ணிலிருந்து வெள்ளையாக, அலை அலையான ஒரு விளிம்பு துருத்திக்கொண்டிருந்தது.

கணவர் குனிந்து மண்ணைக் கிளறப்போனார். அம்மாள் அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். அவ்வளவு தெரிந்தால் போதும் என்றாராம். பிறகு புடவைத் தலைப்பால் அந்த விளிம்பைத் துடைத்தார்.

நான் நேரே ஓவர்சியர் குவார்ட்டர்சுக்கு நடந்தேன். வழியெல்லாம் பேசவேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அங்கே அவர் நண்பர்களோடு சீட்டாடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எல்லோரும் திரும்பினார்கள். வழக்கமாக இருந்தால் அப்புறம் வருகிறேன் என்று திரும்பியிருப்பேன்.

“தம்பி, எழுந்து வாங்க. இடம் இருக்கு. காட்டுறேன்” என்றேன்.

“நாளைக்குக் காலையில...”

“இப்போ வாங்க. நீங்க வர்றவரைக்கும் இங்கயே நிப்பேன்.”

ஒருவர் சிரித்தார். ஓவர்சியர் சிரிக்கவில்லை. சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார். மேட்டில் நின்று அந்த விளிம்பையும் குச்சிகளையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மாள் தள்ளி நின்றார்.

“இது எங்க மேப்புல இல்லியே அண்ணாச்சி, மொதல்லயே தெரிஞ்சிருந்தா குச்சியே நட்டிருக்க மாட்டேனே” என்றார். எஞ்சினியரைப் பார்க்க அன்றைக்கே ரங்கத் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று இரவு, நான் அதுவரை எழுதிய தாள்களை அடுப்பில் போட்டேன். யார் யாரிடம் எந்தப் பாஷையில் கேட்கவேண்டும், அதற்கு யாரைத் துணைக்கு அழைக்கவேண்டும் என்று என் மனைவி சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை ஓவர்சியரின் ஆட்கள் வந்து, மேட்டிலிருந்த குச்சிகளைப் பிடுங்கி, யானைப் பாதைக்கு இந்தப் பக்கமாக நட்டார்கள். புல்டோசர் பத்து மணிக்கு மேல் வந்தது. நான் கடையைத் திறந்து அம்மாளின் ரவிக்கையை வெட்டினேன்.