மூக்குப்பேணியில் கோப்பி

அப்பாவின் மூக்குப்பேணி இப்போது பொரளைப் பக்கம் ஒரு நூதனசாலையில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. இந்தத் தீவின் பழைய கலைகளையும் புழங்குபொருள்களையும் பாதுகாக்கிறார்களாம். அவரேதான் பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தார். கொடுத்த பிறகு கடைசிவரை கிளாசில் கோப்பி குடித்து, ஒவ்வொரு காலையும் முகத்தைச் சுளித்தார். உதட்டில் படாமல் உயர்த்திப் பிடித்து, பேணியின் மூக்கால் ஊற்றிக் குடித்தே பழகிய மனிதர்.

முதலாவது திவசத்துக்கு ஒரேயொரு நாள் அதைத் தரச்சொல்லி அம்மா கேட்டார். பதிந்த பொருள் வெளியே போகாது என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். வெள்ளவத்தை ஃபிளாட்டில் அப்பாவுக்குப் படைத்தோம். அவர் வந்து சாப்பிடட்டும் என்று அறைக்கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றபோது அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“சோறு கறி எல்லாம் இருக்கு. கோப்பியில்லாமல் எப்பிடி எழும்புவார்? வெளிக்கிடு, போவம்.”

எனக்கு எரிச்சல். ஓட்டோக்காரன் காலி வீதி நெரிசலில் ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்தான். அம்மாவோ வழியெல்லாம் சேலைத் தலைப்பைப் பிடித்தபடியே இருந்தார்.

ஏன் என்று நூதனசாலைக்குள் போன பிறகுதான் தெரிந்தது. முகமூடிகளையும் மேளங்களையும் திரும்பியும் பாராமல் நேரே பேணியிடம் போனார். தலைப்புக்குள்ளிருந்து சின்ன பிளாஸ்க்கை எடுத்தார். மூடியில் கோப்பியை ஊற்றி, பெட்டியின் காலடியில் வைத்தார். ஆவி பறந்தது.

“அம்மா! செக்கியூரிட்டி வந்தால் என்ன சொல்லுறது?”

“கத்தாதை. வெளியில வா.”

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுவந்து அந்த அறை வாசலில் நிறுத்தினார். சாத்துவதற்கு அங்கே கதவில்லை. ஒரு சிங்களச் சோடி உள்ளே போக வந்தது. அம்மா கையை விரித்து மறித்தார்.

“பொட்டக் இன்ன புத்தே,” என்றார், கொஞ்சம் பொறு மகனே என்று. அவர்கள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். எங்கோ கதிரை இழுபட்டது, சப்பாத்துச் சத்தம் கேட்டது. எனக்கு வியர்த்தது. கைக்கடிகாரத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

“காணும் அம்மா. குடிச்சு முடிச்சிருப்பார்.”

“உனக்கென்ன விசரே? அவர் ஆறவிட்டுத்தான் குடிக்கிறவர்.”

ஓம், அப்படித்தான். ஊதி ஊதி, பேப்பர் முழுவதையும் வாசித்து முடித்துவிட்டுத்தான் வாயில் ஊற்றுவார். சப்பாத்துச் சத்தம் கிட்ட வந்தது. நான் வாசலின் மற்றப் பக்கத்தை மறித்துக்கொண்டு நின்றேன்.