விரற்கடை உயரம்

கஸ் ஹாவ்லிக் இடது கன்னத்தைத் தரையோடு ஒட்டிப் படுத்துக்கொண்டு, சுண்ணாம்புக் கோட்டை ஒற்றைக் கண்ணால் பார்க்கிறார். எழுகிறார். கோட்டுக்கு வெளிப்புறம் ஒரு பிடி மண்ணைப் போட்டுத் தட்டுகிறார். மறுபடி படுக்கிறார். கார்மன் ஃபால்ஸ் பேஸ்பால் மைதானத்தில் இந்த 1951ஆம் வருடம் எந்த ஆட்ட நாளின் காலையிலும் இதைப் பார்த்திருக்கலாம்.

மைதானத்தைப் பராமரிப்பது அவர் வேலை. வயது ஐம்பத்தெட்டு. மனிதர்களிடம் அதிகம் பேசமாட்டார். யாராவது புல்லில் குறுக்கே நடந்தால் மட்டும் வாய் திறக்கும். "யோவ், உன் மாமியார் வீட்டுக் கூடமா இது? சுத்திப் போ!" போன வருடம் மேயருக்கும் இதே வார்த்தைதான். மேயர் சுற்றித்தான் போனார்.

வெளியூர் அணியில் வேகமாக ஓடுகிறவர்கள் இருந்தால், அவர்கள் ஓடும் தடம் அன்று சேறாக இருக்கும். நடுவர் கேட்டால், "ராத்திரி பனி ஜாஸ்தி சார்" என்பார். ஜூலை மாதத்தில்.

எங்கள் அணியின் நீலோ பெரின் குள்ளம். மட்டையை வீசி அடிப்பதில்லை. மட்டையைக் குறுக்கே பிடித்துக் கட்டை போட்டு, பந்தை மூன்றாம் பேஸுக்குப் போகும் அந்தச் சுண்ணாம்புக் கோட்டோரமாக உருட்டிவிட்டு, ஓடிச் சேர வேண்டிய நான்கு இடங்களில் முதலாவதான முதல் பேஸுக்கு ஓடுவார். உருளும் பந்து கோட்டைத் தாண்டினால் செல்லாது. அதனால் எதிரணி ஆள் தொடாமல் காத்திருப்பார். ஹாவ்லிக்கின் கோட்டில் பந்து தாண்டாது. வெளிப்புறம் விரற்கடை உயரம். லீகுக்குத் தெரிந்தால் அன்றே அவர் வேலை போய்விடும். தெரிந்தவர்கள் இரண்டே பேர்: பெரின், பிறகு அந்தக் கோட்டருகே நின்று பந்தை எடுக்கும் எங்கள் மூன்றாம் பேஸ்காரர். அவரிடம் ஹாவ்லிக் ரகசியமாகச் சொல்லி வைத்திருந்தார்: "நம்ம கோட்டுல எவனாவது கட்டை போட்டா காத்திருக்காத. ஓடிப்போய் எடுத்துரு."

போன வியாழக்கிழமை அந்த மூன்றாம் பேஸ்காரருக்கு விரல் முறிந்தது. ஞாயிறன்று கடைசி ஆட்டம், ஜெயித்தால் கோப்பை. மாற்று ஆளாக வெர்ன் டாலி சனிக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கினார். முப்பத்துநான்கு வயது. போரிலிருந்து திரும்பிய நாளாகச் சின்ன ஊர் அணிகளிலேயே காத்துக் கிடந்தவர். "இந்த ஒரு ஆட்டத்தைப் பார்த்துத்தான் அடுத்த வருஷ ஒப்பந்தம்" என்று மேலாளர் டட்லி சொல்லியிருந்தார். ஹாவ்லிக், டாலி நிற்கும் இடத்தில் சின்னக் கல்கூட இல்லாமல் பொறுக்கிக் கொடுத்தார். கோட்டைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. "மறந்துட்டேன்யா" என்றார் உள்ளூர்ப் பத்திரிகை நிருபரான என்னிடம், பிறகு.

ஒன்பதாவது சுற்று. மூன்றுக்கு மூன்று சமநிலை. எதிரணியின் ஓட்டக்காரர் மூன்றாம் பேஸில். இன்னும் ஒருவர் ஆட்டமிழந்தால் எங்கள் முறை. அவர்கள் ஆள் கட்டை போட்டார். டாலி பாய்ந்து வந்து குனிந்தார். பந்து கோட்டை நோக்கிப் போவதைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். "விடு, விடு, வெளிய போவுது!" என்று கூட்டம் முழுக்கக் கத்தியது. பந்து சுண்ணாம்பைத் தொட்டது, கொஞ்சம் யோசித்தது, உள்ளே திரும்பி வந்து நின்றது. ஓட்டக்காரர் அதற்குள் கடைசி இடத்துக்கு ஓடி வந்து சேர்ந்துவிட்டார்; அவர்களுக்கு நான்கு. எங்கள் முறையில் மூன்று பேரும் ஆறு பந்தில் ஆட்டமிழந்தார்கள்.

உடை மாற்றும் அறை வரை டட்லி பொறுக்கவில்லை. நிருபர்களான எங்கள் முன்னாலேயே ஆரம்பித்தார்.

"ஏன்டா, பந்தை எடுக்கச் சொன்னா பக்கத்துல நின்னு வேடிக்கை பார்க்கிற?"

"வெளியதான் சார் போச்சு. சத்தியமா."

"அப்போ திரும்பி வந்தது எப்படி? கூப்பிட்டியா? உன் மூட்டையைக் கட்டு. இனிமே இந்த ஊர்ப் பக்கமே வராத."

டாலி குனிந்து தன் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைமை நடுவர் பத்தடி தள்ளித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அவனை விடுங்க," என்றார் ஹாவ்லிக். "சார், நடுவர் சார், நீங்களும் இப்படி வாங்க."

கோட்டருகே மண்டியிட்டார். பந்தைச் சுண்ணாம்பின் மேல் வைத்தார். இருவரும் குனிந்து பார்க்கும்வரை பொறுத்திருந்து, கையை எடுத்தார்.