சைக்கிள் கரியரிலிருந்து வந்த கேள்விகள்

எங்கடை தொழிலிலை வாடிக்கையாளரின்ரை முகம் தெரியாது. பாரம் தெரியும், மூச்சுத் தெரியும், குரல் முதுகுக்குப் பின்னாலையிருந்து வரும். சண்டையாலை யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோலும் மண்ணெண்ணெயும் வராத வருசங்களிலை நான் சைக்கிளிலை ஆள் ஏத்தினனான். கிளாலிக் கரையிலை வள்ளத்தாலை இறங்கிற சனம் எப்பிடியோ கொடிகாமம் சந்திக்கு வந்து சேரும். அங்கையிருந்து சாவகச்சேரி, கைதடி, கோப்பாய் எண்டு உரும்பிராய் மட்டும் என்ரை பாதை. கோப்பாய் தாண்டினால் இடைக்கிடை முந்திரிகைத் தோட்டங்கள் வரும். முந்திரிகை எண்டு நாங்கள் சொல்லுறது திராட்சையை. கொட்டையை நினைச்சுக்கொண்டு வாசிக்காதையுங்கோ.

ஒருக்காலெண்டாலும் வாட்டசாட்டமான ஒரு ஆளைப் பின்னாலை வைச்சுக்கொண்டு சோளகக் காத்துக்கு எதிராய் மிதிச்ச ஆக்களுக்கு நான் சொல்லுறது விளங்கும். மிச்ச ஆக்கள் சிரிச்சுப்போட்டு விடுங்கோ.

வீட்டு நிலைமையையும் சொல்லவேணும். அப்பாவுக்கு உரும்பிராயிலை சின்னதாய் ஒரு முந்திரிகைத் தோட்டம். என்ரை தங்கச்சி வசந்திக்கு ரெண்டு இடத்திலை சம்பந்தம் பேசி ரெண்டும் குழம்பிப்போச்சு. ரெண்டும் ஒரே கேள்வியிலைதான் குழம்பினது: தமையன் என்ன செய்யிறார்? மூண்டாவது இடம் வந்தபோது அப்பா தரகரிட்டை, மகன் போக்குவரத்துப் பகுதியிலை இருக்கிறான் எண்டு சொல்லிப்போட்டார். அம்மா முறைச்சுப் பாத்தா. அவர் அசையேல்லை.

"ஏன், நான் பொய்யே சொன்னனான்?"

ஏத்தம்

எங்கடை பக்கத்திலை மேடு எண்டால் பாலத்தின்ரை முதுகு மட்டுந்தான். கீரிமலைக்குப் பேரிலை மலை இருக்கு, ஊரிலை இல்லை. அந்த நாளிலை ஆமி நிண்டதாலை அங்கை போகவும் ஏலாது. கைதடி தாண்டிப் பரவைக்கடலுக்கு மேலாலை போற பாலம் வந்தால் ஆளை இறக்கிவிட்டு சைக்கிளை உருட்டுறது என்ரை வழக்கம். ஒருத்தரும் மறுத்துக் கதைச்சதில்லை. பாவம், பெடியன் களைச்சுப்போனான் எண்டு தாங்களே குதிச்சு இறங்குவினம்.

ஒருநாள் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலையிருந்து ஒரு அம்மா வந்தா. மகளை நீர்வேலியிலை கட்டிக்குடுத்திருக்கிறா, பிள்ளை பிறந்திருக்காம். பாலத்தடியிலை, "அம்மா, ஏத்தம் வருது, ஒருக்கா இறங்குங்கோ" எண்டன். மனுசி இறங்கி முன்னுக்கும் பின்னுக்கும் பாத்தா. பிறகு சேலையைத் தூக்கிச் செருகிப்போட்டு விறுவிறெண்டு நடந்தா. நான் மூச்சு வாங்கிக்கொண்டு சைக்கிளோடை உச்சிக்கு வர, அவ இடுப்பிலை கையை வைச்சுக்கொண்டு நிக்கிறா.

"இதுக்கா தம்பி எறங்கச் சொன்னீங்க? எங்க லயத்து வாசப்படி இதவிட ஒசரம்!"

சும்மா ஓடுறவை

ஜேர்மனியிலையிருந்து ஒருத்தர் வந்தவர். தாய்க்கு வருத்தம் கடுமை எண்டு கேள்விப்பட்டுக் கொழும்பாலை கடல் கடந்து வந்த மனுசன். தாய் தப்பிவிட்டா, அந்தச் சந்தோசத்திலை திரும்பிப் போகேக்கை நிறையக் கதைச்சார். தான் இருக்கிற பக்கத்திலை மலையடிவாரம் முழுக்க முந்திரிகைத் தோட்டமாம். தோட்டத்துக்குள்ளாலை சைக்கிள் ஓடுறதுக்கெண்டே வழி வெட்டி வைச்சிருக்கினமாம். சனம் லீவு எடுத்து, காசு குடுத்து வந்து நாள்முழுக்க ஓடுமாம்.

எனக்கு விளங்கேல்லை. "எங்கை போறதுக்கு?" எண்டு கேட்டன். ஒரு இடமும் இல்லையாம். "பின்னாலை என்ன ஏத்துவினம்?" ஒண்டும் ஏத்தமாட்டினமாம். மலையிலை வேணுமெண்டு ஏறி, ஏறின பாவத்துக்குத் திரும்பி இறங்குவினமாம். நான் சிரிச்ச சிரிப்பிலை சைக்கிள் ஒரு ஆட்டம் ஆடிப்போச்சு.

உரும்பிராய்ச் சந்தி தாண்டினவுடனை, நிப்பாட்டச் சொன்னார். றோட்டோரத்திலை ஒரு பெரிய முந்திரிகைப் பந்தல். இறங்கிப்போய் அதுக்குக் கீழை நிண்டு அண்ணாந்து பாத்துக்கொண்டு நிண்டார். "வாங்கோ அண்ணை, நேரம் போகுது" எண்டு நான் கூப்பிட, முகத்தைத் துடைச்சுக்கொண்டு வந்து கரியரிலை ஏறினார்.

"இது எங்கடை தோட்டம், தம்பி. இதை வித்துத்தான் நான் அங்கை முந்திரிகை பிடுங்கப் போனனான்."

பூசைக்குப் போன பழம்

பாதை அடைபட்டதாலை தேவாலயங்களுக்குப் பூசை வைனும் தட்டுப்பாடு. கொழும்புத்துறைப் பக்கத்துச் சுவாமியார் ஒருத்தர் தானே வைன் வடிக்கிறதெண்டு முடிவெடுத்து, கோயிலிலை உதவிக்கு நிக்கிற யோசேப்பு அண்ணையை எங்கடை தோட்டத்துக்கு அனுப்பினார். கூடை நிறையப் பழம். யோசேப்பு அண்ணை கடலிலை வளர்ந்த மனுசன். வள்ளத்திலை எண்டால் நிண்டுகொண்டு போவார், சைக்கிளிலை பயம். கூடையை மடியிலை வைச்சு என்ரை முதுகோடை சேத்து இறுக்கிப் பிடிச்சுக்கொண்டார்.

றோட்டு முழுக்கக் கிடங்கு. கிடங்குக்குக் கிடங்கு, "யேசுவே!" எண்டு ஒரு சத்தமும் முதுகிலை ஒரு ஈரமும். கோயில் வாசலிலை இறங்கிப் பாத்தால் என்ரை வெள்ளைச் சேட்டு ஊதா நிறம், அவரின்ரை இடுப்புச் சாரமும் அதே நிறம், கூடைக்குள்ளை பாதிதான் பழமாய் இருக்கு. என்ன பேச்சு விழப்போகுதோ எண்டு நான் நிக்க, சுவாமியார் கூடையைப் பாத்தார், எங்கள் ரெண்டு பேரையும் பாத்தார்.

"பரவாயில்லை, பாதி வேலையை வழியிலையே முடிச்சுக்கொண்டு வந்திருக்கிறியள்."

தெரியாது

கொடிகாமம் சந்தியிலை என்னோடை நிண்டு ஆள் ஏத்தினவர் துரை அண்ணை. கரியரிலை இருந்தவுடனை சனத்துக்கு வாய் திறந்துவிடும். அந்த வீடு எப்பிடி, இந்தக் குடும்பம் எப்பிடி எண்டு விடுப்புக் கேட்டுக்கொண்டே வரும். அதுக்குத் துரை அண்ணை எனக்கு வழி சொல்லித் தந்தவர்: என்ன கேட்டாலும் தெரியாது எண்டு சொல்லு, தெரியாதவனுக்கு அடி விழாது. நானும் அதைப் பிடிச்சுக்கொண்டன்.

ஒருநாள் ஒரு மனுசியை ஏத்திக்கொண்டு போறன். நீர்வேலியிலை ஒரு நீலக் கேற்று வீட்டைக் காட்டி, "தம்பி, உவையள் எப்பிடி ஆக்கள்?" எண்டு கேட்டா. எனக்கு உண்மையாய்த் தெரியாது. "தெரியாது அம்மா" எண்டன். மனுசி பெருமூச்சு விட்டா. அதுக்குப் பிறகு ஒண்டும் கேக்கேல்லை. நல்ல சவாரி எண்டு நான் நினைச்சன்.

எங்கடை ஊரிலை சம்பந்தம் விசாரிக்கேக்கை ஒருத்தரும் வாய் திறந்து கூடாது எண்டு சொல்லமாட்டினம். தெரியாது எண்டுதான் சொல்லுவினம். கேட்டவை அதிலை மிச்சத்தை விளங்கிக்கொண்டு வீட்டை போவினம். எனக்கு அது அப்ப மூளையிலை படேல்லை. அடுத்த கிழமை நீலக் கேற்று வீட்டு அம்மா சந்திக்கே வந்திட்டா. மகளின்ரை கலியாணம் நிண்டுபோச்சாம். சனம் முழுக்கப் பாத்துக்கொண்டு நிக்குது, துரை அண்ணை மெல்ல நழுவிப்போனார்.

"கூடாது எண்டு சொல்லியிருந்தாலும் வந்து சண்டை பிடிச்சிருப்பன், தெரியாது எண்டவனோடை நான் என்னத்தைச் சொல்லியடா சண்டை பிடிக்கிறது?"

சொன்ன நாளுக்கு முந்தி

வசந்தியைப் பாக்க வவுனியாவிலையிருந்து மாப்பிள்ளையின்ரை தகப்பன் வெள்ளிக்கிழமை வாறதெண்டு தரகர் சொல்லியிருந்தார். ஆனால் பெண் பாக்க வாற கெட்டிக்காரர் சொன்ன நாளிலை வரமாட்டினம். முந்தியே வந்து ஊருக்குள்ளை விசாரிப்பினம். புதன்கிழமை காலமை கொடிகாமத்திலை குடையும் துணிப்பையுமாய் ஒரு பெரியவர் என்ரை கரியரிலை ஏறினார். ஓய்வு பெற்ற தபாலதிபராம். கொஞ்சத் தூரம் போனாப்பிறகுதான் இடம் சொன்னார்.

"உரும்பிராயிலை முந்திரிகைத் தோட்டக்காரர் சின்னத்தம்பி வீடு தெரியுமோ?"

சின்னத்தம்பி என்ரை அப்பா. நான்தான் மகன் எண்டு சொன்னால் போக்குவரத்துப் பகுதி அதிலையே கவிழ்ந்துபோகும். சொல்லாமல் விட்டால் வாசலிலை கவிழும். தெரியும் எண்டு தலையை ஆட்டிப்போட்டுக் கைதடி வரைக்கும் மிதிச்சன். பாலத்தடியிலை இறக்கிவிடவும் மறந்துபோனன். மனுசனை வைச்சுக்கொண்டே மேடு ஏறியிட்டன். உச்சியிலை கேள்வி வந்தது.

"தம்பி, உந்தச் சின்னத்தம்பியின்ரை குடும்பம் எப்பிடி?"

தெரியாது எண்டால் தங்கச்சியின்ரை கதை முடிஞ்சுது. நல்ல குடும்பம் எண்டு மட்டும் சொன்னால், அவைக்கு வேண்டப்பட்ட ஆள் எண்டு நினைப்பார். குறை ஒண்டு சொன்னால்தான் நிறையை நம்புவினம். குறைக்கு எங்கை போறது? அப்பாவைச் சொல்ல ஏலாது. அம்மாவைச் சொன்னால் நாக்கு அழுகும். வசந்தியைப் பற்றிச் சொல்ல ஒண்டுமே இல்லை, அவள் தங்கம். வீட்டிலை மிச்சம் ஒரு ஆள்தான் இருந்தது.

"தங்கமான குடும்பம் ஐயா. தமையன்காரன்தான் கொஞ்சம் சரியில்லை."

"என்ன, குடியோ?"

"சீச்சீ, குடி இல்லை. படிப்பு ஏறேல்லை. தோட்டத்துக்கும் உதவி இல்லை. விடிஞ்சால் றோட்டிலை நிப்பான்."

"போக்குவரத்துப் பகுதி எண்டல்லோ சொன்னவை?"

"தகப்பன் என்ன செய்யிறது, ஐயா? அவனாலை ரெண்டு சம்பந்தம் குழம்பிப்போச்சு. தங்கச்சியிலை உயிர்தான். உயிராய் இருந்து என்ன, அவளுக்கு இடைஞ்சலும் அவன்தான்."

கடைசியாய்ச் சொன்னது நான் சொல்ல நினைக்காதது, தானாய் வந்துபோச்சு. கண் கலங்கியிட்டுது. நல்லவேளை, எதிர்க்காத்து, துடைச்சாலும் தூசு எண்டு நினைப்பார்.

ஒழுங்கை முகப்பிலை இறக்கிவிட்டுத் தப்புவம் எண்டு பாத்தன். "வாசலிலை கொண்டுபோய் விடும் தம்பி" எண்டார். வாசலிலை பாத்தால் வசந்தி நிக்கிறாள். பந்தலுக்கு நீலத் துருசு மருந்து அடிச்சுப்போட்டு வந்திருக்கிறாள். முழங்கை வரைக்கும் நீலம், கன்னத்திலையும் ஒரு கோடு. பெண் பாக்க வந்தவர் எண்டு அவளுக்கு எப்பிடித் தெரியும்?

"அண்ணை, என்ன இண்டைக்கு உவ்வளவு கெதியாய் வந்திட்டியள்?" எண்டாள்.

கரியர் லேசாச்சு. பெரியவர் இறங்கி, சைக்கிளைச் சுத்தி முன்னுக்கு வந்து, என்ரை முகத்தை வடிவாய்ப் பாத்தார். நானும் வேறை வழியில்லாமல் அவரைப் பாத்தன். அதுக்குள்ளை அப்பா பந்தலுக்குள்ளையிருந்து, ஆர் வந்திருக்கிறதெண்டு ஊகிச்சு, மருந்து பட்ட சாரத்தோடையே ஓடிவந்தார். "வெள்ளிக்கிழமை எண்டல்லோ... மகன் வேலையாலை இப்பதான்..." எண்டு நாக்குக் குழறினார். பெரியவர் பந்தலின்ரை நிழலிலை போய் இருந்து, வசந்தி நீலக் கையாலை குடுத்த தண்ணியை வாங்கி முழுக்கக் குடிச்சார். பிறகு செம்பைக் கீழை வைச்சார்.

"வழியிலை ஒருத்தர் உங்கடை மகனைப் பற்றிக் கனக்கக் குறை சொன்னவர், சின்னத்தம்பி. நான் ஒண்டையும் நம்பேல்லை."

இத்தனை வருசம் ஆள் ஏத்தினதிலை ஒரேயொரு வாடிக்கையாளரின்ரை முகத்தைத்தான் நான் நேருக்கு நேர் பாத்தனான். அதோடை சம்பந்தியாய்ப்போன அந்த மனுசனிட்டைக் கடைசி வரைக்கும் கூலி கேக்க ஏலாமல் போச்சு.